பழைய காரின் எஞ்சினுக்குப் புது வண்ணம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பாடிக்கு டிங்கரிங் முடிந்து, பெயிண்ட் அடித்து, சீட்டுக்கு உறை மாற்றி, முலாம் பூசக் கொடுத்த பம்பரும் வந்து சேர்ந்த பிறகு பானட்டைத் திறந்தால், உள்ளே கரிச்சட்டி போல எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. அதை என்ன செய்வது? இந்த இதழில் அப்படி வந்தவற்றில் ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அப்பாரு 1961ஆம் ஆண்டு வாங்கிய அம்பாசிடர் மார்க் 1 கார், பதினெட்டு வருடங்களாகத் தோட்டத்துச் சாளையில் நின்றுகொண்டிருக்கிறது. எஞ்சின் மேல் ஆயிலும் மண்ணும் சேர்ந்து விரற்கடை கனத்துக்கு ஏறிவிட்டது. எஞ்சினை இறக்காமலேயே காலையில் தண்ணீர் அடித்துக் கழுவி, மாலைக்குள் சில்வர் பெயிண்ட் அடித்துத் தருவதாக உள்ளூர்ப் பெயிண்டர் ஒருவர் சொல்கிறார். ஒப்படைக்கலாமா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம். அவர் கைதேர்ந்த பெயிண்டராகவே இருக்கலாம். ஆனால் காலையில் கழுவிய வார்ப்பிரும்பு மாலைக்குள் வண்ணத்துக்குத் தயாராவதில்லை. மணல் அச்சில் ஊற்றி எடுத்த இரும்பு அது. தொட்டுப் பார்த்தால் வழவழப்பாக இருப்பது போலத் தோன்றினாலும், அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய குழிகளில் அறுபது வருட ஆயில் ஊறிக் கிடக்கிறது. மேலாகத் துடைத்துவிட்டு வண்ணம் அடித்தால் அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும். வண்டி ஓடி எஞ்சின் சூடானதும் குழிகளில் உள்ள ஆயில் இளகி வெளியே வந்து, வண்ணத்தை அடியிலிருந்து தூக்கிவிடும். சில மாதங்களில் அப்பளம் போல உப்பி, நகத்தால் கீறினால் ஏடாகப் பெயர்ந்து வருகிற எஞ்சின்களைப் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். உரிமையாளர்கள் பெயிண்ட் டப்பாவைத்தான் திட்டுவார்கள். பெயர்ந்த ஏட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடிப்பக்கம் ஆயில் பளபளக்கும்.

தொடக்கத்தில் வந்த அம்பாசிடர்களில் 1476 சிசி சைடு வால்வு எஞ்சின் இருந்தது. 1959 முதல் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்தது. உங்களுடையது 1961 வண்டி என்பதால், எஞ்சின் மாற்றப்படாமல் இருந்தால், இரண்டாவது வகையாகவே இருக்கும். இதில் பிளாக் (சிலிண்டர்கள் உள்ள உடற்பகுதி), ஹெட் (அதன் மேல் உட்காரும் தலைப்பகுதி) இரண்டுமே வார்ப்பிரும்பு என்பது சுத்தம் செய்பவருக்கு ஒரு வசதி.

முதல் நாள் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். பேட்டரி இருந்தால் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு, எல்லாப் பக்கத்திலிருந்தும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, புட்டி பிளேடாலும் மூங்கில் சிம்பாலும் அழுக்கைக் காய்ந்தபடியே சுரண்டி எடுங்கள். இதை அலுப்பான வேலை என்று பையன்களிடம் தள்ளிவிடுபவர்கள் உண்டு. நான் இதை என் கையாலேயே செய்வேன். எஞ்சின் எங்கே ஒழுகுகிறது என்பதை அந்த அழுக்குதான் சொல்லும். ஒழுக்கு இல்லாத இடத்தில் மண் பொடியாக உதிரும். ஒழுகும் இடத்தில் கருப்பட்டிப் பாகு போல இழுபடும். அந்தப் பிசுக்கைப் பின்தொடர்ந்து மேல்நோக்கிப் போனால், வால்வுகளை மூடியிருக்கும் டாப்பெட் கவரின் கேஸ்கெட்டிலோ, மேனிஃபோல்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பக்கவாட்டு மூடிகளிலோ, முன்புற டைமிங் கவரிலோ, ஆயில் ஃபில்டர் இணைப்பிலோ போய் முடியும். கழுவிவிட்டால் இந்தத் தடயம் எல்லாம் போய்விடும். ஒழுகும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துப் படம் எடுத்து வைத்து, வண்ணம் அடிக்கும் முன் அந்த கேஸ்கெட்டுகளை மாற்றிவிடுங்கள்.

தோட்டத்தில் நின்ற வண்டி என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எஞ்சினின் மூச்சுக்குழாய், கார்புரேட்டரின் வாய், டைனமோவின் காற்றுத் துளைகள், சைலன்சரின் நுனி ஆகியவற்றில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். வெளியில் சுண்டுவிரல் அளவு மண் கட்டி தெரிந்தால் உள்ளே மூன்று நான்கு அறைகள் வரிசையாக இருக்கும். தண்ணீர் பட்டால் அது சேறாகி உள்ளே இறங்கும். எனவே ஈரம் படுவதற்கு முன்பே கம்பியால் வெளிப்பக்கமாக இழுத்து எடுத்துவிட வேண்டும். ஏர் ஃபில்டர் டப்பாவில் அணில் கூடு கட்டியிருந்தால் தேங்காய் நாரும் பஞ்சும் கை நிறைய வரும்.

பிறகு கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, செல்ப் மோட்டார், ஃபேன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, திறந்திருக்கும் துளைகளை அடைக்க வேண்டும். அடைப்பதற்குச் சிவப்பு அல்லது மஞ்சள் துணியையே பயன்படுத்துங்கள். கறுப்புத் துணி வைத்தவர் அதை உள்ளேயே மறந்துவிட்டு மூடுவார். பழைய ஸ்பார்க் பிளக்குகள் அவற்றின் இடத்திலேயே இருக்கட்டும். டிப்ஸ்டிக் குழாய்க்கு ஒரு மரக்கட்டை போதும்.

அதன் பிறகுதான் கழுவுதல். மண்ணெண்ணெய் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் டீசல். பெட்ரோல் கூடவே கூடாது. மூடிய பட்டறையில் அதன் ஆவிக்கு ஒரு சுவிட்சின் பொறி போதும். பிரஷ்ஷால் தடவி அரை மணி நேரம் ஊற விட்டு, தேய்த்து, வழித்து, மீண்டும் ஒருமுறை அதையே செய்யுங்கள். பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். டீசலும் ஓர் எண்ணெய்தான். அழுக்கைக் கரைத்துவிட்டுத் தன் படலத்தை அங்கே விட்டுவிட்டுப் போகிறது. அந்தப் படலத்தை எடுக்க, தண்ணீரில் கரையும் டிகிரீசரை (பிசுக்கு நீக்கும் திரவம்) தடவியோ, நல்ல துணி சோப்புத் தூளைச் சூடான தண்ணீரில் கரைத்தோ மறுபடியும் தேய்த்து அலச வேண்டும். கடைசி அலசலுக்கு போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைத் திட்டாக உப்பு நிற்கும், அதன் மேல் வண்ணம் பிடிக்காது. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருமானால் அதை இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்பதை அந்தத் தண்ணீரே காட்டும். பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு செம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே தகடாகப் பரவி வழிந்தால் இரும்பு சுத்தம். தாமரை இலையில் போல முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் ஆயில் இன்னும் இருக்கிறது. என் அனுபவத்தில் முதல் முறையிலேயே இந்தச் சோதனையில் தேறிய எஞ்சின் கிடையாது.

தேறிய பிறகு, கம்பி பிரஷ்ஷாலும் 120ஆம் நம்பர் உப்புத்தாளாலும் துருவையும் பழைய பெயிண்டையும் எடுக்கலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். பழைய கேஸ்கெட்டிலும் சைலன்சர் சுற்றுத் துணியிலும் கல்நார் இருக்கக்கூடும். ஆகவே அவற்றை ஈரமாக்கித் தேய்ப்பதும், முகத்தில் துண்டுக்குப் பதில் முறையான முகமூடி அணிவதும் அவசியம். பின்னர் ஹாட் ஏர் கன்னால் பிளாக்கைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் சற்றுச் சூடாக்குங்கள். குழிகளில் ஒளிந்திருந்த ஆயில் வியர்வை போல அரும்பும். கன்னை அணைத்துத் தள்ளி வைத்து, இரும்பு ஆறிய பிறகு தின்னர் தோய்த்த வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, மீண்டும் சூடாக்கிப் பாருங்கள். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை இதைச் செய்ய வேண்டும். வந்த அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிட வேண்டும். வெறும் வார்ப்பிரும்பை இரவு முழுவதும் விட்டால் காலையில் செம்மண் பூசியது போல மெல்லிய துரு படிந்திருக்கும்.

எஞ்சினை இறக்காமல் இவற்றில் பாதியைத்தான் செய்ய முடியும். சாளையின் விட்டம் உறுதியாக இருந்தால் செயின் பிளாக் வாடகைக்கு எடுத்து இறக்கிவிடுவதே நல்லது. எப்படியும் பதினெட்டு வருடம் நின்ற எஞ்சினை, வாட்டர் ஜாக்கெட்டை (பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் அறை) அடைத்திருக்கும் வெல்ஷ் பிளக் என்ற தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்து உள்ளே படிந்த சுண்ணாம்பையும் வண்டலையும் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

கேள்வி: எஞ்சினுக்கு எந்த பெயிண்ட் அடிப்பது? வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் போதும் என்று ஒருவரும், எல்லாவற்றுக்கும் 600 டிகிரி தாங்கும் பெயிண்ட்தான் வேண்டும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள்.
— வாசகர், திருப்பூர்

பதில்: எஞ்சின் என்பது ஒரே சூடு உள்ள ஒரு பொருள் அல்ல என்பதை இருவருமே கவனிக்கவில்லை. பிளாக்கைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் சுமார் 80 முதல் 90 டிகிரி செல்சியசில் இருக்கும்போது பிளாக்கின் வெளிப்புறமும் ஏறத்தாழ அதே சூட்டில்தான் இருக்கும். எக்ஸாஸ்ட் போர்ட்டுகளுக்கு அருகில் மட்டும் கொஞ்சம் கூடும். புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கதை வேறு. ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது அது 400 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

ஆகவே பிளாக், சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), டைமிங் கவர், டாப்பெட் கவர் ஆகியவற்றுக்கு எஞ்சினுக்கென்றே விற்கும் எனாமலோ, ஹார்டனர் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட்டோ போதுமானது. கதவு எனாமலும் சில காலம் நிற்கும். ஆனால் சூட்டில் பழுத்து மஞ்சளாகும், பெட்ரோல் சொட்டினால் இளகும், பிரேக் ஆயில் பட்டால் உரிந்தே போகும். பியூ பெயிண்ட் ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் நன்றாக ஈடுகொடுக்கும் என்றாலும், அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பகை. துணி முகமூடி அதைத் தடுக்காது. தகுந்த சுவாசக் கவசம் இல்லாதவர் அதை ஸ்ப்ரே செய்யவே கூடாது. வீட்டில் செய்பவர்களுக்கு பிரஷ்ஷால் தடவும் எஞ்சின் எனாமலையே பரிந்துரைப்பேன். நல்ல பிரஷ்ஷும் பொறுமையும் இருந்தால், கோடு தெரியாமல் படிந்துவிடும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மட்டும் 600 டிகிரி தாங்கும் சிலிக்கான் அடிப்படையிலான வெப்பம் தாங்கும் பெயிண்ட். அதை வெறும் உலோகத்தின் மேல் நேரடியாக, மெல்லியதாக அடிக்க வேண்டும். அடியில் ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடித்தால் ரெட் ஆக்சைடு கருகி, மேலே இருப்பதையும் கூட்டிக்கொண்டு உதிரும். அதே பெயிண்டை பிளாக் முழுவதும் அடிப்பதும் வீண் செலவு. இவ்வகைப் பெயிண்ட் முழு உறுதி பெறுவதே 200 டிகிரி அளவிலான சூட்டைக் கண்ட பிறகுதான். பிளாக் அந்தச் சூட்டை ஒருநாளும் காணாது என்பதால், பெயிண்ட் கடைசி வரை மென்மையாகவே இருந்து பெட்ரோல் பட்ட இடத்தில் கரைந்து வரும்.

எதை அடித்தாலும் மெல்லிய பூச்சுகளாக இரண்டு அல்லது மூன்று போதும். கனமாக அடித்தால் வார்ப்பின் இயல்பான சொரசொரப்பும், அதில் புடைத்து நிற்கும் வார்ப்பு எண்களும் மூழ்கிப் போய், எஞ்சின் பிளாஸ்டிக்கில் செய்தது போலத் தெரியும். எனக்கு அது பிடிப்பதில்லை.

திருப்பூர்க்காரர் கேட்டதால் ஒரு சின்னச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரிலிருந்து மூட்டை மூட்டையாக எல்லா ஊர்ப் பட்டறைகளுக்கும் வரும் பனியன் வேஸ்ட்டில் வெட்டுத் துணியும் உண்டு, நூல் பிசிறும் உண்டு. ஆயில் துடைக்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் வண்ணம் அடிப்பதற்கு முன் கடைசியாகத் துடைக்க வேண்டியது சாயம் ஏறாத வெள்ளை வெட்டுத் துணியால் மட்டுமே. நூல் வேஸ்ட்டால் துடைத்தால் பஞ்சு ஒட்டிக்கொண்டு வண்ணத்தில் மயிர்க்கால் போல நிற்கும். சாயத் துணியில் தின்னர் பட்டால் சாயம் இறங்கும்.

கேள்வி: ஆடி மாதம் எங்கள் தோப்பு வீட்டில் வைத்து எஞ்சினுக்கு ஸ்ப்ரே அடித்தோம். மேற்பரப்பு முழுவதும் சொரசொரவென்று மணல்தாள் போல ஆகிவிட்டது. ஐப்பசியில் மறுபடி தேய்த்து அடித்தபோது ஆங்காங்கே வெளிறிப் பால் நிறமாகிவிட்டது. பெயிண்ட் கோளாறா, கன் கோளாறா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டும் இல்லை, மாதக் கோளாறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரில் குடியிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்த இடைவெளி வழியாகப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகத்தான் கிழக்கே போகிறது. அந்தக் காற்றில் கன்னிலிருந்து கிளம்பும் பெயிண்ட் துளி, உலோகத்தைத் தொடுவதற்கு முன்பே பாதி உலர்ந்துவிடுகிறது. ஈரமாகப் படிந்து ஒன்றோடொன்று கலப்பதற்குப் பதில் பொடியாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. கூடவே புழுதி. மணல்தாள் ஆனது இப்படித்தான்.

ஐப்பசியில் நடந்தது இதற்கு நேர் எதிர். மழைக்கால ஈரக் காற்றில் வேகமாக ஆவியாகும் மலிவுத் தின்னரைக் கலந்து அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து, பனிக்காலத்துச் செம்பு போல வியர்க்கிறது. அந்த ஈரம் உலரும் வண்ணத்துக்குள் சிக்கிக்கொண்டு பால் நிறம் காட்டுகிறது. கம்ப்ரசர் தொட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிக்காமல் அடித்திருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும். வெளிறிய இடத்தின் மேல், மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மிக மெல்லியதாக ஒருமுறை அடித்துப் பாருங்கள். பல சமயம் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் தேய்த்துவிட்டு தை பிறக்கும்வரை காத்திருங்கள். தை முதல் பங்குனி வரை, காலை எட்டு மணிப் பனி விலகியதிலிருந்து பதினோரு மணி வரை, தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதி அடக்கிய ஒரு கொட்டகையில் அடித்தால் நம் பக்கத்தில் அதைவிட நல்ல சூழல் கிடைக்காது.

கேள்வி: ஃபியட் 1100 காரின் எஞ்சின் ஹெட்டைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். பட்டறையில் அதைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறப் போட்டு, கறுத்துப் போய் எடுத்துக் கொடுத்தார்கள். சரி செய்ய முடியுமா? பிளாக்கை ஃபவுண்டரியில் ஷாட் பிளாஸ்டிங் செய்து தருவதாக நண்பர் சொல்கிறார், செய்யலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஃபியட் 1100 எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். காஸ்டிக் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது. அதனால்தான் அம்பாசிடர் பிளாக்குகளைக் கொதிக்கும் காஸ்டிக் தொட்டியில் போடும் வழக்கம் வந்தது. அலுமினியத்தையோ அது தின்றுவிடும். தொட்டியில் நுரைத்து வந்த குமிழிகள் ஹைட்ரஜன். அதாவது உங்கள் ஹெட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்ததன் அடையாளம். கரையாமல் மேலே தங்கிய செம்பு, சிலிக்கான் போன்ற கலப்புப் பொருள்களின் படிவுதான் அந்தக் கறுப்பு.

கறுப்பு வெறும் தோற்றம். அதை நீக்க முடியும். பார்க்க வேண்டியது கேஸ்கெட் உட்காரும் முகப்பும் தண்ணீர்த் துளைகளின் விளிம்பும். ஒரு நேர்ச்சட்டத்தை முகப்பின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குக் குழி இருந்தால், லேத்துப் பட்டறையில் மிக மெல்லியதாக முகப்பைச் சீவ வேண்டியிருக்கும். எவ்வளவு சீவலாம் என்பதை ஹெட்டின் கனத்தை அளந்த பிறகே முடிவு செய்யச் சொல்லுங்கள். முன்பே சீவிய ஹெட்டாக இருந்தால் இடம் இருக்காது. இனிமேல் அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், நைலான் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், பொறுமை ஆகிய நான்கும் போதும். தேய்த்து முடித்த அலுமினியத்துக்கு வண்ணமும் வேண்டாம். அடித்தே ஆக வேண்டுமானால் முதலில் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் ப்ரைமர் வேண்டும். சாதாரண ப்ரைமர் அலுமினியத்தில் நிற்காது.

இரும்புக் குருணையை (ஷாட்) வேகமாக அடித்துச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங்கைப் பொறுத்தவரை, பீளமேட்டிலும் கணபதியிலும் பம்பு வார்ப்படங்களுக்கு நாள்தோறும் நடக்கும் வேலை அது; வார்ப்பிரும்புக்கு அதைவிடச் சுத்தம் வேறு எதிலும் வராது. ஆனால் பம்பு வார்ப்படத்தில் ஆயில் ஓடும் துளைகள் கிடையாது. எஞ்சின் பிளாக்கில் கிராங்க் பேரிங்குகளுக்கு ஆயில் போகும் நீண்ட துளைகள் உள்ளுக்குள் ஓடுகின்றன. ஒரு கைப்பிடி ஷாட் அங்கே தங்கினால், ஆயில் பிரஷர் ஏறிய முதல் நிமிடத்திலேயே பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும். பிளாக் முழுவதுமாகப் பிரித்து வெறுமையாக இருந்தால் மட்டும், சிலிண்டர்களையும் பேரிங் இருக்கைகளையும் மூடி, பிளாஸ்டிங் முடிந்ததும் ஆயில் துளைகளின் பிளக்குகள் ஒவ்வொன்றையும் கழற்றி, நீண்ட பிரஷ் விட்டு, காற்று அடித்துச் சுத்தம் செய்யும் உறுதி இருந்தால் செய்யுங்கள். பிரிக்காத எஞ்சினுக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எஞ்சினுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, போல்ட்டுகளுக்குக் குரோம் முலாம் போட ஆசை. இதனால் வின்டேஜ் பதிவு கிடைப்பதில் சிக்கல் வருமா?
— வாசகர், ஈரோடு

பதில்: மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடத்துக்கு மேலான, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் வின்டேஜ் வாகனமாகப் பதிவு பெறலாம். வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாக வழங்கும் எண்ணில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குச் சாலையில் ஓட்ட முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

வண்ணம் மட்டும் பெரிய மாற்றம் ஆகாது. ஆனால் எஞ்சின் எண் பொறித்த இடத்தைத் தேய்த்து அழித்துவிட்டாலோ, எண் தகட்டைக் கழற்றித் தொலைத்துவிட்டாலோ, தணிக்கைக்கு வரும் அதிகாரியிடம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் கிரைண்டரும் கம்பி பிரஷ்ஷும் படவே கூடாது. மாஸ்கிங் டேப் ஒட்டி, வண்ணம் முடிந்த பிறகு கையால் துடைத்துவிடுங்கள்.

சிவப்பைப் பற்றி என் சொந்தக் கருத்தைக் கேட்டால், வேண்டாம் என்பேன். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தங்கள் எஞ்சினுக்கென்று ஒரு வண்ணம் வைத்திருந்தார்கள். 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ எஞ்சின் பச்சை என்பதைப் பழைய கார் பார்ப்பவர்கள் பானட் திறந்ததுமே சொல்லிவிடுவார்கள். உங்கள் எஞ்சினின் மூல வண்ணம் எங்கேயாவது ஒளிந்திருக்கும்: டைனமோ பிடிமானத்தின் அடியில், வாட்டர் பம்பின் பின்புறத்தில், டாப்பெட் கவர் நட்டின் வாஷருக்குக் கீழே. வாஷரைத் தூக்கினால் காசளவு வட்டத்தில் தொழிற்சாலை வண்ணம் வெயிலும் ஆயிலும் படாமல் அப்படியே இருக்கும். அதைப் பகல் வெளிச்சத்தில் பெயிண்ட் கடைக்காரரிடம் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துக் கலந்த வண்ணம் வெயிலில் வேறாகத் தெரியும். போல்ட்டுகளுக்குக் குரோம் போடுவது உங்கள் விருப்பம். தொழிற்சாலையில் அவை குரோமாக இருந்ததில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: எல்லாம் முறைப்படி செய்து, வண்ணம் அடித்து, எஞ்சினை ஏற்றியாயிற்று. இப்போது செல்ப் சுற்றவில்லை. ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. டெம்பரேச்சர் மீட்டர் முள்ளும் அசையவில்லை. பேட்டரி புதியது. என்ன கோளாறு?
— வாசகர், தாராபுரம்

பதில்: பேட்டரியைக் குறை சொல்லும் முன் எர்த் பட்டையைப் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேசிசுக்கும் இடையே மின்சாரம் திரும்பி வர வேண்டிய வழி அந்தப் பின்னல் பட்டை ஒன்றுதான். அது உட்காரும் இரண்டு முகப்பிலும் அழகாக வண்ணம் அடித்திருப்பீர்கள். வண்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. டெம்பரேச்சர் மீட்டரின் சென்சாரும் தன் மரை வழியாகவே எர்த் எடுக்கிறது. மரையில் பெயிண்ட் இறங்கியிருந்தாலோ, அதில் சீல் டேப் சுற்றியிருந்தாலோ முள் படுத்துவிடும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நானே இதில் மாட்டியவன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு எஞ்சினுக்கு வண்ணம் அடித்து, உரிமையாளர் குடும்பத்தோடு வந்து நின்ற காலைப் பொழுதில் செல்ப் சுற்றவில்லை. பேட்டரி மாற்றினேன், செல்ப் மோட்டாரைக் கழற்றிப் பிரஷ் மாற்றினேன். மத்தியானம் ஆக்சிலரேட்டர் கேபிள் தொட முடியாத சூட்டுக்கு வந்தபோதுதான் உறைத்தது: செல்ப் இழுக்கும் மின்சாரம் முழுவதும் வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எர்த் போல்ட்டின் அடியில் ஒரு ரூபாய் அளவுக்கு வண்ணத்தைச் சுரண்டியதும் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நீங்களும் அதையே செய்யுங்கள். எர்த் பட்டையின் இரு முனைகள், செல்ப் மோட்டார் உட்காரும் முகப்பு, டைனமோ பிடிமானம், சென்சார் மரை ஆகியவற்றில் உலோகம் மின்னும்வரை சுரண்டி, இணைத்த பிறகு மேலே லேசாக வாசலைன் தடவிவிடுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைந்திருக்கும்) என்பதால், பேட்டரி கம்பிகளை மாற்றிப் போட்டுவிடவில்லை என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஞ்சின் பிடித்ததும் ஊருக்கெல்லாம் காட்டக் கிளம்பிவிட வேண்டாம். பத்து நிமிடம் ஐடிலில் ஓட விட்டு நிறுத்தி, முழுவதுமாக ஆற விடுங்கள். அடுத்து இருபது நிமிடம், மறுபடி ஆறட்டும். மூன்றாவது முறை தாராபுரம் சாலையில் ஒரு சுற்று. மேனிஃபோல்டு பெயிண்ட் இப்படிப் படிப்படியாகச் சூடேறினால்தான் இறுகும். முதல் நாளே ஏற்றத்தில் விரட்டினால் கொப்பளித்துவிடும். முதல் இரண்டு ஓட்டத்தில் மேனிஃபோல்டிலிருந்து நெடியோடு வெண்புகை எழும். தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே நின்று பார்த்தால் போதும். பயப்பட ஒன்றும் இல்லை. மூன்றாவது ஓட்டத்திலும் புகை நிற்கவில்லை என்றால் அது பெயிண்ட் புகை அல்ல. டாப்பெட் கவர் கேஸ்கெட்டின் மேனிஃபோல்டு பக்க விளிம்பில் விரலை விட்டு ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் எஞ்சின் ஆறிய பிறகு.